உப்பு வண்டிகள் போன திசையில்

எக்கியார்குப்பம்

மரக்காணத்தை அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எக்கியார்குப்பம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஓடும் கார்கள் இங்கே நிற்பதில்லை. மீன் வாங்க வருபவர்களும் வலைக்குக் கயிறும் ஈயமும் விற்க வருபவர்களும்தான் சாலையை விட்டு உள்ளே இறங்குவார்கள். கரையேற்றிய படகுகளின் நிழலில் ஆண்கள் வலை முடிகிறார்கள். பெண்கள் மீனைத் தரம் பிரித்து அன்னக்கூடைகளில் போடுகிறார்கள்.

2023 மே மாதத்துக்கு முன்பு இந்த ஊரின் பெயர் மாவட்டத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. அந்த மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் இறந்தார்கள்; அவர்களில் இந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அதன் பிறகு ஊரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் மரக்காணத்துக்காரன். வெளியூரில் யாரிடமாவது சொந்த ஊரைச் சொன்னால், "அந்தச் சாராயச் சாவு நடந்த பக்கமா?" என்று கேட்கிறார்கள். வலையும் உப்பும் கழுவெளி ஈரநிலமும் கொண்ட ஒரு கரையை அந்த ஒரே செய்தியால் அளக்கிறார்கள் என்பது எனக்கு வலிக்கிறது. கடலோரத்திலிருந்து மேற்கே ஜவ்வாது மலை வரை ஒரு முறை போய்வர வேண்டும் என்ற எண்ணம் அந்த வலியிலிருந்துதான் பிறந்தது. செய்தியில் மட்டுமே பெயர் கேள்விப்பட்ட மலை அது. எங்கள் ஊரைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்த அளவுதான் அந்த மலையைப் பற்றி எனக்கும் தெரியும்.

கிளம்பும் நாளில் நண்பன் வீட்டில் பழைய சோறும் முந்தைய நாள் வைத்த கவலை மீன் குழம்பும். ஒரு இரவு ஊறிய மீன் குழம்புக்கு ஈடாக இந்தக் கரையில் வேறு காலை உணவு இல்லை. மலைக்குப் போகிறேன் என்றதும் அவனுடைய அம்மா சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு சபரிமலைக்குப் போய்ட்டு வந்து கதை சொன்னதோட சரி தம்பி. நான் மலையைக் கிட்டக்கப் பார்த்ததே இல்ல."

உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நெத்திலிக் கருவாடு.

"எடுத்துக்கினு போ. எந்த ஊரா இருந்தாலும் கருவாட்ட வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

மரக்காணம் உப்பளம்

எங்கள் ஊரில் நிழல் குறைவு. உப்பளத்துக்குள் இறங்கினால் நிழலே கிடையாது. ஆவணி மாதம், சீசனின் கடைசிப் பகுதி. தை மாசி வாக்கில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரும் வரைதான். பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றி மாற்றி, வெயிலில் அடர்த்தியேற்றி, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்க வைக்கிறார்கள். சீசன் தொடங்கும்போது பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உப்போடு சேறும் வரும். நீண்ட கழியில் பலகை கட்டி உப்பை வாரி வரப்பில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து தலைச்சுமையாகக் குவியலுக்குப் போகிறது. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைத் திறக்க விடுவதில்லை. இங்கே வேலை செய்பவர்களின் பாதத்தில் வெடிப்பு விழுந்தால் எளிதில் ஆறுவதில்லை. உப்புத் தண்ணீர் அதை மூட விடாது.

ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது எங்கள் ஊரில்தான். தென்மேற்கே விரிந்து கிடக்கும் கழுவெளியைத் தமிழ்நாடு அரசு 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட ஈரநிலம். உப்பும் நன்னீரும் கலக்கும் அந்த வெளியை நம்பி இறாலும் பறவையும் மனிதர்களும் வாழ்கிறார்கள். சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயிலின் கல்வெட்டுகளிலும் உப்பளங்கள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரின் சொத்துக் கணக்கில் உப்பு இருந்திருக்கிறது.

வரப்பில் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்த ஒரு அக்காவிடம் ஐப்பசி கார்த்திகையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மழ பேஞ்சா நெல்லுக்காரன் சிரிப்பான். எங்க அடுப்பு நனைஞ்சிடும்."

மழைக்கால வேலையிழப்புக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை 2022இல் அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் மழை மாதங்கள் மூன்று. ஒரு குடும்பம் அந்தப் பணத்தில் எத்தனை நாள் ஓட்டும் என்பது அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திண்டிவனம், கிடங்கல்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் பிரம்மதேசத்தைத் தாண்டியதும் காற்றின் ஈரம் குறைந்துவிடுகிறது. கடல் பின்னால் போய்விட்டதை முதலில் உணர்வது தோல்தான்.

இன்று திண்டிவனத்தோடு ஒட்டிவிட்ட கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையின் புலவர் நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே இருக்கும் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். பரிசு பெற்ற பாணன், வறுமையில் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில் என்ற இந்தக் கிடங்கல். ஒவ்வொரு ஊரிலும் யார் இருப்பார்கள், என்ன சோறு போடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறான். எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் கொடுப்பார்கள், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும் என்று போகிறது அந்த வழிகாட்டல். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள்.

அந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் உமணர்கள். உப்பை வண்டியில் ஏற்றிக் குடும்பத்தோடு உள்நாடு போகிறவர்கள். அவர்கள் கூடவே ஒரு மந்தியும் போகிறது. பிள்ளையாக வளர்த்த மந்தி. அது உமணர் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. உமணர்கள் வண்டிக்குக் கீழே இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போவார்கள் என்பது புறநானூற்றில் ஔவையார் பாடலில் வருகிறது. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் உதவிக்கு ஆள் கிடைக்காது. நான் போன தார்ச்சாலை அவர்கள் போன அதே தடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை அதுதான். உப்பு விளையாத நாட்டை நோக்கி, மேற்கே.

செஞ்சி

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும் மல்லாட்டைக் கொல்லைகள், அதாவது நிலக்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் விதைக்கப்பட்டவை. 'டி.எம்.வி.' என்பதே திண்டிவனத்தின் சுருக்கம்தான். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் மணலில் வறுத்த மல்லாட்டையைக் காகிதக் கூம்பில் வாங்கிக் கொறித்தபடி ராஜகிரிக் கோட்டை மலையை அண்ணாந்து பார்த்தேன். பாறை மேல் பாறை, அதன் மேல் மதில். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. அந்தப் பெருமை ஊர்க்காரர்களின் பேச்சில் தெரிகிறது.

செஞ்சியிலிருந்து வளத்தி வழியாகச் சேத்துப்பட்டு போகும் பேருந்தில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். மரக்காணம் என்றதும் முகம் மலர்ந்தது.

"சின்னப் புள்ளையில உங்க ஊரு உப்பு மாட்டு வண்டியில வரும். தெரு முனையில வண்டிய நிறுத்திக் கூவுவாங்க. எங்க அம்மா கேழ்வரக மொறத்துல எடுத்துக்கினு ஓடுவாங்க. படிக்குப் படி."

அவருக்கு என் ஊர் சாராயச் செய்தி அல்ல. முறத்தோடு ஓடும் அம்மாதான் மரக்காணம். இந்தப் பயணத்தில் என் ஊரை அப்படி நினைவு வைத்திருந்த முதல் மனிதர் அவர்தான். வளத்தியில் அவர் இறங்கிப் போன பிறகும் அந்தச் சந்தோஷம் எனக்குள் இருந்தது.

போளூர்

போளூரில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை அடிவானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. சமவெளியில் வளர்ந்தவனுக்கு அது பழக்கமில்லாத காட்சி. எங்கள் ஊரில் கண்ணுக்கு எதுவும் தடையில்லை. கிழக்கே கடல், மற்றத் திசைகளில் வானம்.

தெற்கே பருவதமலை. பத்துப்பாட்டின் இன்னொரு நூலான மலைபடுகடாம் இந்தப் பக்கத்தைப் பாடியது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை அனுப்பி வைக்கும் அந்த நூல், 583 அடிகளோடு ஆற்றுப்படைகளில் மிக நீளமானது. அதில் வரும் நவிரமலை பருவதமலைதான் என்று சொல்கிறார்கள். சேயாறு இன்றைய செய்யாறு. சிறுபாணாற்றுப்படையில் என் கடற்கரை இருக்கிறது, மலைபடுகடாத்தில் இந்த மலை இருக்கிறது. பள்ளியில் இரண்டையும் தனித்தனிப் பாட்டாகப் படித்தேன். எக்கியார்குப்பத்தில் கிளம்பிப் போளூரில் இறங்கிய அன்றுதான் இரண்டும் அக்கம்பக்கத்து நாடுகள் என்று புரிந்தது.

ஜவ்வாதில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, எங்கள் ஊருக்கு வடக்கே கடலில் விழுகிறது. உப்பு மேற்கே ஏறிய காலம் முழுவதும் மலைத் தண்ணீர் கிழக்கே இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அத்திமூர் மலைச்சாலை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். அத்திமூர் வரை வயலும் ஏரியும். அதற்கு மேல் சாலை காட்டுக்குள் நுழைகிறது. வளைவுக்கு வளைவு பேருந்து ஒலி எழுப்பி, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, மூச்சு வாங்கி ஏறுகிறது. இலை உதிர்க்கும் காடு இது. கோடையில் வெறுங்கிளையாக நின்ற மரங்கள் ஆவணி மழையில் தழைத்துச் சாலையின் மேல் கவிந்திருந்தன. மூங்கில், வேங்கை, புளி, நெல்லி, கடுக்காய். ஒரு திருப்பத்தில் ஜன்னல் வழியாக வந்த காற்று சட்டென்று குளிர்ந்தது. ஆவணியில் இப்படி ஒரு காற்று இருக்கும் என்று உப்பளத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மலைச்சாலைப் பேருந்தில் ஒரு ஊரே பயணம் செய்கிறது. உண்டு உறைவிடப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் தகரப் பெட்டிகளை மடியில் வைத்திருந்தார்கள். ஒரு பெண் மண்வெட்டி இரும்பைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். இன்னொருவர் போளூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரைப் பையோடு திரும்பினார். நடத்துநர் ஒரு வளைவில் இறங்கிக் காத்திருந்தவரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "அக்கா மாத்திரைய ராத்திரிதான் போட்டுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். யாரும் அவசரப்படவில்லை. அந்த மாத்திரையும் பேருந்து வந்து சேர வேண்டிய காரணங்களில் ஒன்று என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காட்டின் பெரிய செல்வம் சந்தனம். அதுவே அதன் துயரமாகவும் ஆனது. வெட்டிக் கடத்தியவர்கள் பணத்தோடு போய்விட்டார்கள். மலைக்காரர்களுக்கு மிஞ்சியது வழக்குகளும் கெட்ட பெயரும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஜவ்வாது மலையையும் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நான் இந்த மலையின் பெயரைக் கேள்விப்பட்டது அந்தச் செய்தியில்தான்.

ஜமுனாமரத்தூர்

கோலப்பன் ஏரியில் படகு, பீமன் நீர்வீழ்ச்சி, கோடை விழா. சுற்றுலாவாக வருபவர்களுக்கு ஜமுனாமரத்தூர் இவ்வளவுதான். கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் சரிவெல்லாம் சாமை. ஆவணியில் பயிர் இடுப்பளவு நின்றது. கதிர் முற்ற இன்னும் நாள் ஆகும். மழையை மட்டும் நம்பி விதைக்கும் பயிர், கிணற்றுத் தண்ணீர் கேட்பதில்லை. சரிவின் ஓரங்களில் பலா மரங்கள், சீத்தாப்பழம், புளி.

பேருந்தில் பழக்கமான ஒரு இளைஞன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். மண் சுவர், கூரை வேய்ந்த வீடு, சாணம் மெழுகிய திண்ணை. அவனுடைய பாட்டி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியாப்பா?" நெத்திலிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். பிரித்து முகர்ந்தவர், "கடலுக்குப் பக்கமா நீ?" என்று கேட்டு, அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டார்.

சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, வறுத்த நெத்திலி. சாமை அரிசிச் சோறு என்றால் ஒன்றிரண்டு பிடி அதிகம் சாப்பிடத் தோன்றும். உதிரியாக, லேசான கசப்போடு, மென்று சாப்பிட வைக்கும் சோறு. எங்கள் கடற்கரையில் குழம்புதான் சாப்பாட்டின் ராஜா. சோறு அதற்கு அடங்கிப் போகும். இங்கே சோற்றுக்கே சுவை இருக்கிறது, குழம்பு அதற்குத் துணை நிற்கிறது. எங்கள் கருவாடு அந்தத் தட்டில் அழகாகப் பொருந்தியது.

பாட்டி சாமை குத்துவதைப் பற்றிப் பேசினார். தோலை நீக்கி அரிசியாக்குவது பெரும்பாடு. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் விடியலுக்கு முன்பே உலக்கை எடுத்த காலம் உண்டு. இப்போது அரவை இயந்திரம் வந்து தோள்வலியைக் குறைத்திருக்கிறது. நகரத்துக் கடைகளில் சிறுதானியம் விலை ஏறியிருக்கிறது என்று சொன்னேன்.

"கீழ எவ்ளோ விக்குதோ, நமக்குத் தெரியாதுப்பா. இங்க வந்து வாங்கறவங்க சொல்றதுதான் வெல."

அறுவடை முடிந்த பிறகு என்ன வேலை என்று பேரனிடம் கேட்டேன். "தையிலருந்து வைகாசி வரைக்கும் இங்க ஒண்ணும் கிடையாது அண்ணே. தேன் எடுக்கலாம், புளி உலுக்கலாம். மத்தபடி கீழ போயிடணும். திருப்பூரு, கேரளா, காபித் தோட்டம், எங்க கூப்பிட்டாலும்."

அப்போதுதான் இரண்டு ஊர்களின் நாள்காட்டிகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதைக் கவனித்தேன். மழை வந்தால் உப்பளம் மூடுகிறது, மலையில் உழவு நடக்கிறது. வெயில் வந்தால் மலை காய்கிறது, உப்பளம் திறக்கிறது. இரண்டு இடத்திலும் சம்பளம் வராத மாதங்கள் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. கூலிக்கு மரம் வெட்ட ஆள் சேர்ப்பவன் மலைக்கு வருவது அந்த மாதங்களில்தான். உப்பளத்தில் கடன் கூடுவதும் அந்த மாதங்களில்தான். சேசாசலத்தில் குண்டுபட்டவர்களையும் எக்கியார்குப்பத்தில் இறந்தவர்களையும் நாம் குற்றச் செய்திப் பக்கத்தில் படித்தோம். அவர்களை உழைப்பாளிகளாக எழுதும் பக்கம் இருந்திருந்தால், வேலையில்லாத மாதங்களுக்கு என்ன வழி என்ற கேள்வியை நாம் முன்பே கேட்டிருப்போம்.

உப்பளத்துக்குத் தரும் மழைக்கால நிவாரணம் ஒரு குடும்பம் சாப்பிடும் அளவுக்கு உயர வேண்டும். மலையில் காயும் மாதங்களுக்கும் அதுபோல ஒரு ஏற்பாடு வேண்டும். சாமைக்கு விளைவித்தவர்களே விலை சொல்லும் நிலை வர வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகும் இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காவலூர், ஆலங்காயம்

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் நோக்கி இறங்கும் சாலையில் காவலூர் வருகிறது. மரங்களுக்கு மேலே வானாய்வகத்தின் வெள்ளை அரைவட்டக் கூரைகள். இந்திய வானியலின் பெரிய பெயர்களில் ஒன்றான வைணு பாப்பு, 1960களின் இறுதியில் நகர வெளிச்சம் எட்டாத இடம் தேடி இங்கே வந்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்க முடியும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அந்தக் கோளின் வளையங்கள் வெளிப்பட்டன. அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்புவின் கனவான 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டு 1986இல் இயங்கத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இன்று தொலைநோக்கியும் வானாய்வகமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

யுரேனஸின் வளையத்தைக் காட்டிய இருட்டும் இந்தக் காடு கொடுத்ததுதான். சாமையும் தேனும் புளியும் செய்யாற்றுத் தண்ணீரும் கொடுத்த அதே மலை.

ஆலங்காயத்துக்கு இறங்கும்போது வெப்பம் திரும்பியது. தென்னந்தோப்புகளும் லாரிச் சத்தமும் வந்தன. வாணியம்பாடியிலிருந்து ரயில் ஏறுவதற்குள், அடுத்து யாரை இந்த வழியில் அனுப்பலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். பரிசு பெற்றவன் வழி சொல்ல வேண்டும் என்பது பாணர் மரபு. எனக்குக் கிடைத்த பரிசு ஒரு தட்டு சாமைச் சோறும், முறத்தோடு ஓடிய ஒரு அம்மாவின் நினைவும். ஆகவே உங்களுக்கும் வழி சொல்கிறேன்.

ஆவணியில் போங்கள். உப்பு இன்னும் வாரிக்கொண்டிருப்பார்கள், மலையில் சாமை பச்சையாக நிற்கும். எக்கியார்குப்பத்தில் சாலையை விட்டு இறங்குங்கள். மீன் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். உப்பளத்தில் வரப்பில் நின்று பேசுங்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். செஞ்சியில் மல்லாட்டை. போளூரில் மலைப் பேருந்து. பேருந்து வளைவில் நின்றால் முகம் சுளிக்காதீர்கள், யாருக்கோ மாத்திரை போய்ச் சேர்கிறது. ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள், சென்னையில் என்ன விலை கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் உட்காருங்கள். திரும்பி வந்த பிறகு இந்த ஊர்களின் பெயரை நாளிதழில் எந்தப் பக்கத்தில் பார்த்தாலும், அங்கே எந்த மாதம் வேலை இருக்கும், எந்த மாதம் அடுப்பு அணையும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.